அப்பா கரையில் தங்கிய மாதங்கள்

எங்கள் ஊரில் பாய்மரத் தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். அப்பா தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், மிளகாய், ஓடு, கருவாடு என்று கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு போகிற தோணி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசுகிற மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். மற்ற மாதங்களில் அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், நாங்கள் கடல் பக்கம் கையைக் காட்டிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம்.

அதனால் வீட்டை நடத்தியது அம்மா. அக்காவுக்கு முத்தையாபுரத்தில் மாப்பிள்ளை பார்த்ததும், கொல்லையில் கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தியதும், "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு டைப்பு?" என்று சொந்தக்காரர்கள் மூக்கை நுழைத்தபோது அவர்களை வாயடைக்கச் செய்து என்னை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பியதும் அவள்தான். அப்பா கரைக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் சொல்வாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே "சரி, சரி" என்பார். அந்தச் "சரி"யில் ஒரு பெருமை இருக்கும். தன்னைவிடக் கெட்டிக்காரியைக் கட்டியிருக்கிறோம் என்று தெரிந்த ஆண்பிள்ளைகள் சிலர் உண்டு. அப்பா அந்த ரகம். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், வாசலில் மீன்காரியிடம் விலை பேசிக்கொண்டிருந்தபோது அம்மா அப்படியே சரிந்து விழுந்தாள். நான் அப்போது கடற்கரைச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சொன்னார். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டிருந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னாள். புரியவில்லை. மூன்றாம் முறை சொன்னபோதுதான் புரிந்தது: மீன்காரிக்குக் காசு கொடுக்கவில்லையாம்.

அப்பா அப்போது மாலத்தீவில். அவர் திரும்பி வருவதற்குள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா கைக்குழந்தையோடு வந்து கூட இருந்தாள். தோணி வந்து நங்கூரம் போட்ட அன்று, சரக்கை இறக்கப் போன வள்ளத்துக்காரன்தான் அப்பாவுக்குச் செய்தி சொல்லியிருக்கிறான். உப்புப் பூத்த சட்டையோடு அப்படியே ஓடி வந்தார். கட்டில் அருகே நின்று அம்மாவின் விழுந்த கையை எடுத்து, அதன் எடையைப் பார்ப்பவர்போலத் தன் உள்ளங்கையில் வைத்திருந்தார். அழவில்லை. எங்களிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். "தினமும் நடக்க வையுங்க, சின்னச் சின்ன வேலை கொடுத்துப் பழக்குங்க" என்று டாக்டர் சொன்னாராம். அங்கிருந்து நேரே தோணி முதலாளி வீட்டுக்குப் போய், மிச்சமிருக்கிற சீசனுக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.

அக்காவை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "கைப்பிள்ளைக்காரி. அவ வீட்டை யாரு பாப்பா? நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் ஒரு செம்பு தண்ணீரைக்கூடத் தானாக மோந்து குடித்தறியாத மனிதர். கரையில் இருக்கும்போது அம்மா அவரை அப்படித்தான் வைத்திருந்தாள்.

ஆனால் பார்த்துக்கொண்டார். அதை நான் எங்கேயும் சொல்லுவேன். முதல் வாரத்திலேயே வீட்டுக்குள் கயிறு கட்டிவிட்டார். கட்டிலிலிருந்து அடுப்பெரிகிற குசினி வழியாகக் கொல்லைப்புறக் கக்கூஸ் வரை, இடுப்பு உயரத்தில், சுவரில் இரும்பு வளையம் அடித்து, தோணிக் கயிறு. அம்மாவுக்கு இடது கையில் மட்டும்தான் பிடி இருந்தது. போகும்போது இடது பக்கம் இருக்கிற கயிறு, திரும்பும்போது வலது பக்கம் ஆகிவிடுமே? அதனால் இரண்டு பக்கமும் கட்டினார். அதை நாங்கள் யாரும் யோசித்திருக்க மாட்டோம். அம்மாவின் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். "காலைத் தூக்கு, தூக்கு, இப்போ இறக்கு" என்று தோணியில் பாய் ஏற்றுகிற ராகத்தில் சொல்வார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

தலை பின்னிவிடப் பழகினார். கயிறு முறுக்கிப் பழகிய கை, அம்மாவின் முடியை அத்தனை இறுக்கமாகப் பின்னும். கண் மேலே இழுத்துக்கொண்டு நிற்கும். "புருவம் உச்சிக்குப் போயிருச்சு" என்று அம்மா குளறிக்குளறிச் சொல்ல, நான் விழுந்துவிழுந்து சிரித்தேன். சேலையும் அவர்தான் கட்டிவிட்டார். சமையல் மட்டும் தோணிச் சமையலாகவே இருந்தது. ஒரே சட்டியில் அரிசி, மீன், புளி, மிளகாய் எல்லாம் விழும். வாய் கோணிய அம்மாவுக்கு அதை ஸ்பூனால் ஊட்டி, வழிந்ததைத் துடைத்து, அவள் ஒரு வாய் விழுங்கும்வரை அடுத்த வாய் எடுக்காமல் காத்திருப்பார். அத்தனை பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. காற்று வரும்வரை கடலில் சும்மா கிடந்து பழகியவர் என்பதால் இருக்கலாம்.

தெருவே அவரைக் கொண்டாடியது. மாதா கோயில் வாசலில் பெண்கள் என்னை நிறுத்தி, "ஏளா, உங்க அப்பா மாதிரி மனுஷன் உண்டா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் படுத்த மாமியாரையோ மாமனாரையோ வருஷக்கணக்கில் பார்த்தவர்கள். அவர்களை யாரும் வழியில் நிறுத்திப் பாராட்டியதில்லை. ஒரு ஆண் சேலைத் தலைப்பைச் சரி செய்துவிட்டால் ஊர் கண்ணீர் விடுகிறது. இதை நான் அப்பாவிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அவங்க சொல்லுததுல எனக்கு என்ன இருக்கு? எனக்கு உங்க அம்மா எந்திரிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

சம்பளம் வேண்டுமே என்று பழைய துறைமுகத்தில் காலை நேரம் மட்டும் மூட்டைக் கணக்குப் பார்க்கிற வேலையில் சேர்ந்துகொண்டார். விடியும் முன் போவார். அவர் வந்த பிறகு நான் ஆபீசுக்குப் போக வேண்டும். இங்கேதான் தோணிச் சட்டம் வீட்டுக்குள் வந்தது.

தோணியில் சுக்கான் பிடிக்கிறவன், தன் முறை முடிந்துவிட்டது என்று எழுந்துபோக முடியாது. அடுத்த ஆள் வந்து, சுக்கானில் கை வைத்து, "வச்சாச்சு" என்று வாயால் சொன்ன பிறகுதான் முன்னவன் கையை எடுக்கலாம். தூக்கம் வந்தாலும், மழை கொட்டினாலும் அதுதான். அப்பா அதை அப்படியே வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அம்மா பக்கத்தில் இருக்கிறவர், அடுத்தவர் வந்து கட்டில் சட்டத்தில் கை வைத்து "வச்சாச்சு" என்று சொல்லும்வரை எழக் கூடாது. முதலில் எனக்கு அது விளையாட்டாக இருந்தது. பிறகு அதன் அருமையும் தெரிந்தது. யார் பார்ப்பது என்ற சந்தேகமே வீட்டில் ஒரு நாளும் வரவில்லை. அம்மா ஒரு நிமிஷம்கூடத் தனியாகக் கிடக்கவில்லை.

ஆனால் கப்பலில் சரக்கு இறங்குவது எங்கள் வீட்டுச் சட்டத்தைக் கேட்டு இறங்குவதில்லை. கிரேன் நின்றுவிட்டால், லாரி வராவிட்டால், அப்பாவுக்குத் தாமதமாகும். அப்பா வராமல் நான் எழ முடியாது. ஆபீசில் மேனேஜர் என்னைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அது திட்டுவதைவிடக் கேவலம். டைப் அடிக்கும்போது கண் சொருகும். ஒருமுறை கார்பன் தாளைத் திருப்பி வைத்து ஒரு முழுப் பத்திரத்தையும் அடித்து முடித்தேன். எனக்குத் தலைவலி ஆரம்பித்தது அப்போதுதான். இன்றுவரை விடவில்லை.

அப்பாவும் இளைத்துப்போனார். ஆடுகிற தோணியில் படுத்த உடனே தூங்குகிற மனிதருக்கு அசையாத தரையில் தூக்கம் வரவில்லை. பீடி கூடியது. யாரிடமும் எரிந்து விழாதவர் அடுப்பிடம் எரிந்து விழுந்தார், சட்டியிடம் எரிந்து விழுந்தார். துறைமுகத்திலிருந்து வரும் வழியில் தன் தோணி கிடக்கிற இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார் என்று, தோணியில் வேலை பார்க்கிற கலாசி ஒருவன் எனக்குச் சொன்னான். அப்பா சொல்லவில்லை.

இத்தனைக்கும் அம்மா தேறவில்லை. இதுதான் எங்களுக்குப் புரியாத விஷயம். வாய் நேராகிவிட்டது, பேச்சு தெளிந்தது, கயிற்றைப் பிடித்துக் கொல்லை வரை போய் வந்தாள். ஆனால் நாளுக்கு நாள் ஆள் சுருங்கிக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். சில நாள் அதுவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

அதற்குக் காரணம் அப்பாவின் இன்னொரு தோணிச் சட்டம். கடலில் ஒருவன் நோயில் படுத்துவிட்டால், அவனை நிழலில் கிடத்தி, கஞ்சி கொடுத்து, கரை சேரும்வரை ஒரு கயிற்றைத் தொடவிட மாட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி. பாதித் தெம்போடு எழுந்து வந்து கயிற்றை விட்டான் என்றால் எல்லோருக்கும் ஆபத்து. காற்று, திசை என்று அவனிடம் எதையும் பேசவும் மாட்டார்களாம், மனசு கலங்கும் என்று. டாக்டர் நடக்கச் சொன்னதை அப்பா அட்சரம் பிசகாமல் செய்தார். வேலை கொடுத்துப் பழக்கச் சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கவே இல்லை. அம்மா இடது கையால் ஒரு பூண்டை எடுத்தால் ஓடிவந்து வாங்கி வைத்துவிடுவார். வெள்ளைப்பூண்டைக்கூட உரிக்கவிடாத அன்பு அது.

மீன்காரி வந்தால் அப்பாதான் வாசலுக்குப் போவார். அவர் கடலில் மீனைப் பிடித்துச் சாப்பிட்டவர், விலைக்கு வாங்கியவர் இல்லை. அவள் சொன்னதைக் கொடுத்துவிடுவார். கட்டிலில் கிடக்கிற அம்மாவுக்கு எல்லாம் காதில் விழும். ஒரு நாள் மீன்காரி எட்டிப் பார்த்து, அப்பாவிடமே, "அக்கா இப்போ சாப்பிடுதாங்களா?" என்று கேட்டாள். அம்மா அங்கேதான் கண் திறந்து படுத்திருந்தாள். அவள் முகத்தில் அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? தன் வீட்டில் தான் விருந்தாளியாகிவிட்டது தெரிந்த முகம்.

ஆவணியில் ஒரு நாள் அப்பா வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அன்று ஆபீசில் ஒரு கப்பலின் பத்திரங்களை அவசரமாக அடித்துக் கொடுக்க வேண்டும். நான் கட்டிலருகே உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தேன். அம்மா, "நீ போளா, நான் இருந்துக்கிடுவேன்" என்றாள். நான் போகவில்லை. அப்பா வந்து கை வைத்ததும் ஓடினேன். வேலையை வேறொருவர் முடித்திருந்தார். மேனேஜர், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ வீட்லயே இருந்துக்கலாம்மா, நாங்க வேற ஆள் பாத்துக்கிடுதோம்" என்றார். சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தனையையும் அப்பா மேல் கொட்டினேன். "இது தோணி இல்லப்பா, வீடு! வீடு!" என்று கத்தினேன். அப்பா விளக்குத் திரியைச் சரி செய்துகொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்: "தோணியா இருந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்ளா. இங்கன எனக்கு ஒண்ணுமே தெரியல."

அதற்குமேல் என்னால் கோபமாக இருக்க முடியவில்லை. அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

கச்சான் ஓய்ந்தது. தோணிகளுக்குத் தார் போன்ற கீல் பூசி, பாயை வெயிலில் விரித்து, சீசனுக்குத் தயாராக்க ஆரம்பித்தார்கள். முதலாளி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்து, அம்மாவை விசாரித்து, கடைசியில் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"தண்டல், சரக்கு பேசியாச்சு. நீங்க வந்தா சந்தோஷம். இல்லன்னா நான் ஒரு ஆள நிலையாப் போட்டாகணும். வருஷாவருஷம் ஆள மாத்த முடியாது பாத்துக்கிடுங்க."

"போட்டுக்கிடுங்க முதலாளி" என்றார் அப்பா. யோசிக்கக்கூட இல்லை. யாரைப் போடலாம் என்றும் அவரே சொன்னார். "அவன் நல்ல கைக்காரன். சிலாவத்துறைப் பக்கம் நீரோட்டம் மட்டும் கொஞ்சம் பாத்துப் போகச் சொல்லணும். நான் சொல்லிக்கொடுக்குதேன்."

இருபது வருஷத்துக்கும் மேலாக ஓட்டிய தோணியை ஒரு காபி குடிக்கிற நேரத்தில் இன்னொருவனுக்குக் கொடுத்தார். முதலாளி, யோசித்து ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள் என்று எழுந்து போய்விட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று அப்பா நினைத்தார். நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா துறைமுகத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். நான் கைப்பையோடு தயாராக இருந்தேன். அவர் கட்டில் சட்டத்தில் கை வைத்து "வச்சாச்சு" என்றார். நான் எழுந்தேன். அப்போது அம்மா இடது கையை ஊன்றித் தானே எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து, அப்பாவின் கைக்குப் பக்கத்தில் சட்டத்தின் மேல் வைத்தாள்.

"வச்சாச்சு" என்றாள். "கைய எடுங்க."

அப்பா சிரித்தார். "படுத்த ஆளு சுக்கான் பிடிக்கக் கூடாதுளா."

"எதுவரைக்கும்?"

"என்ன எதுவரைக்கும்?"

"உங்க தோணியில ஒருத்தன் சொகமில்லாமப் படுத்துட்டான்னா எதுவரைக்கும் அவனை ஒண்ணும் செய்யவிட மாட்டீய?"

"கரை சேருத வரைக்கும்."

"நான் எங்கன இருக்கேன்?" என்றாள் அம்மா. "கடல்லயா இருக்கேன்? பங்குனியில விழுந்தேன். விழுந்ததே கரையிலதான். அன்னையில இருந்து என்னைய நடுக்கடல்லயே வச்சிருக்கீய. நீங்களும் இறங்கல, இவளையும் இறங்கவிடல. பூண்டு உரிச்சா கப்பலா கவுந்துரும்?"

அவள் அத்தனை நீளமாகப் பேசி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. மூச்சு வாங்கியது. அப்பாவின் கை இன்னும் சட்டத்தில்தான் இருந்தது. அம்மா அதைத் தள்ளவில்லை. தன் கையையும் எடுக்கவில்லை. அவருக்கு அம்மா பேசியது ஒவ்வொன்றும் போய்ச் சேர்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவருடைய தோணிச் சட்டத்தை வைத்தே அவரை மடக்கிவிட்டாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

கடைசியில் கையை எடுத்தார். எடுத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். "என்ன செய்யணும், சொல்லு" என்றார். புதிதாகத் தோணி ஏறிய கலாசி தண்டலிடம் கேட்கிற குரல் அது. அம்மா சொன்னாள்: "மொதல்ல இவ ஆபீசுக்குப் போகட்டும். நீங்க அந்த அருவாமனைய எடுத்துட்டு வாங்க."

அன்றிலிருந்து வீடு மாறியது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அரிவாள்மனையைக் காலால் அழுத்த அம்மாவுக்கு வலது காலில் பலமில்லை. அப்பா அதைக் கனமான ஒரு பலகையில் வைத்து ஆணி அடித்தார். இடது கையால் கத்தரிக்காயை அலகில் வைத்து அழுத்தி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவில் நறுக்கினாள். விரலையும் நறுக்கிக்கொண்டாள். அப்பா ஒவ்வொரு முறையும் எழப்போவார். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார். தன் இரண்டு கைகளையும் முட்டிக்குக் கீழே கட்டிக்கொண்டு அவர் சும்மா இருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தலை பின்னிவிட்டதைவிட அது அவருக்குக் கஷ்டம். தெருவில் யாரும் அதைப் பார்க்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை.

மீன்காரி வந்தாள். அப்பா வாசலுக்குப் போகாமல் உள்ளே நின்றார். அம்மா கயிற்றைப் பிடித்து நடந்து நிலைப்படி வரை வந்து, "சீலாவைத் திருப்பிப் போடு, செவுளைப் பாக்கணும்" என்றாள். மீன்காரி ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டு, பிறகு விலையை ஏற்றிச் சொன்னாள். அம்மா இறக்கிச் சொன்னாள். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து பார்த்தாள். அப்பா என் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா முதலாளியைப் பார்த்து, தானே தோணியை எடுப்பதாகச் சொல்லப் போனார். போகச் சொன்னது அம்மா. "சரக்கு ஏத்தி முடியட்டும், அதுக்குள்ள பாத்துக்கிடுவோம். உனக்கு முடியலன்னா நான் இறங்கிருவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பகலில் பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது எட்டிப் பார்ப்பது, அம்மா சட்டியைக் கரண்டியால் தட்டினால் மட்டும் உள்ளே வருவது என்று ஏற்பாடாயிற்று. எல்லாம் அம்மா போட்ட திட்டம். அப்பா துறைமுக வேலையை விட்டுவிட்டு, பகல் முழுக்கத் தோணியில் இருந்து, பொழுது சாய வீடு வந்தார். அவர் முகத்தில் வெயில் ஏறியது. ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார். நானும் நேரத்துக்கு ஆபீஸ் போனேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

தோணி கிளம்ப இரண்டு மூன்று நாள் இருக்கும்போது அம்மா விழுந்துவிட்டாள். நான் ஆபீஸ் விட்டு வந்தபோது குசினி வாசலில் தரையில் கிடந்தாள். சட்டி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகு விழுந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாள் என்று எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. முழங்கை சிராய்த்து நீலம் பாரித்திருந்தது. சேலை நனைந்திருந்தது. நான் அழுதுகொண்டே தூக்கி உட்கார வைத்தேன்.

"உங்க அப்பாகிட்டச் சொல்லாத" என்றாள். அதுதான் அவள் முதல் வார்த்தை.

"எப்படிம்மா சொல்லாம இருக்க முடியும்?"

"சொன்னா இறங்கிருவாரு. இந்தத் தடவை இறங்கினா பிறகு ஏறவே மாட்டாரு. நான் விழுந்தேன், எந்திரிச்சாச்சு. சேலைய மாத்திவிடு."

மாற்றிவிட்டேன். முழங்கை மறைகிற மாதிரி நீளக் கை வைத்த என் ரவிக்கை ஒன்றைப் போட்டுவிட்டேன். அப்பா வந்தார். அம்மா அவரிடம் தண்ணீர்ப் பீப்பாய், புதுப் பாய், கலாசிகள் என்று தோணி விவரம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் சந்தோஷமாகச் சொன்னார். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவர் நடுக்கடலில் இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? ஆனால் அம்மாவின் முகம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அம்மாவின் முகமாக இருந்தது. நான் பேசவில்லை.

கிளம்பிய நாள் காலை அப்பா அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டார். இந்தத் தடவை தளர்வாகவே பின்னினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியில் நின்று, "வரட்டுமா?" என்றார். அம்மா கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டு, "போயிட்டு வாங்க. திரும்பி வரும்போது எனக்கு மாசிக்கருவாட்டுத் துண்டு கொண்டு வாங்க, போன தடவை மறந்துட்டீய" என்றாள். அவர் தெருவில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர் முனை திரும்பும்வரை நின்றிருந்த அம்மா, பிறகு மெதுவாகக் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"பின்ன? இருக்காதா?"

"அப்பாகிட்ட மறைச்சது தப்போன்னு இருக்கு எனக்கு. நீ விழுந்தது தெரிஞ்சா..."

"அவருக்குத் தெரியும்."

நான் அவளையே பார்த்தேன்.

"அன்னைக்கு ராத்திரியே தெரியும். நீ தூங்கிட்ட. ரவிக்கைக் கைய மெதுவா மேல தள்ளி, தைலத்தைப் போட்டு, ரொம்ப நேரம் தடவிவிட்டாரு. நேத்து வரைக்கும் போட்டாரு." அம்மா முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா நான் சொல்லணும். சொன்னா அவரு போக முடியாது. அதான் கேக்கல."

பிறகு அவள் என் கையை விலக்கிவிட்டு, நேரமாகிவிட்டது, ஆபீசுக்குக் கிளம்பு என்றாள்.